பாடு இல்லாத அரை மணி

ஜனவரி 7, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றாலே கர்ப்பிணிகள் கூட்டம். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர், மாத்திரை, ஊசி. அப்புறம் அத்தனையையும் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். நெட் கிடைக்காது. டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் கிராம நர்சுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைக்கலாம். நினைக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பூவரசன் "சாப்டியா?" என்று கேட்டார். "பார்த்தா சாப்ட மாதிரியா கீது?" என்று எரிந்து விழுந்தேன். கட்டிய புருஷன் சாப்பிட்டாயா என்று கேட்டது ஒரு குற்றமா? அவர் தட்டை எடுத்து வைத்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 8, புதன்

தடுப்பூசி நாள். முடிந்தது. எத்தனை முகம் பார்த்தேன், ஒன்றும் ஞாபகமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்தது. விடுமுறையிலும் போன் விடுமுறையில் இல்லை. சூடுபிடிச்சிக்கிச்சி நர்சம்மா, ரத்தம் பட்டுது நர்சம்மா, மாத்திரை கீழ கொட்டிடுச்சி நர்சம்மா. போன் அடித்தாலே வயிற்றுக்குள் ஏதோ இழுத்துப் பிடிக்கிறது. இது வேறு யாருக்காவது இருந்தால் "டாக்டரைப் பாரும்மா" என்று சொல்லியிருப்பேன்.

ஜனவரி 21, செவ்வாய்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

கோட்டைக்குப்பம் பூவிழி. எட்டாம் மாதம். முதல் கரு தங்கவில்லை, இது இரண்டாவது. போன தடவை பிரஷர் ஏறியிருந்தது. கருவாடு தொடாதே, சனிக்கிழமை வந்து மறுபடி காட்டு என்று படித்துப் படித்துச் சொன்னேன். வரவில்லை. இன்று எல்லாவற்றையும் மூட்டை கட்டும் நேரத்துக்கு மெல்ல வருகிறாள். "மாத்திர தீந்துபோச்சிக்கா."

"சனிக்கெழம ஏன் வரல?"

"அத்தைக்கு முடியலக்கா. இன்னிக்கி அவரு விடியக்காலம் கடலுக்குப் போனாரு, அதுக்கு அப்பறந்தான் கெளம்ப முடிஞ்சுது."

எனக்குள் என்ன அறுந்ததோ தெரியவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "போ. எங்கன்னா போ. திரும்பி வராத."

பெஞ்சு அப்படியே அடங்கிப்போனது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. புருஷன் தண்ணீர் மேல் இருக்கிற ஒருத்தியைப் பார்த்து எந்த வாயும் அதைச் சொல்லாது. எங்கள் கரையில் வெறும் "போ" கூடச் சொல்ல மாட்டோம், "போயிட்டு வா" என்றுதான் சொல்வோம். நான் தோணிரேவுக்காரி, மீனவர் வீட்டுப் பெண். நைனா கடலுக்குப் போகும்போது அம்மா என் வாயைப் பொத்தி வளர்த்தாள். எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு வராதே என்றுதான் சொன்னேன். யார் அப்படிக் கேட்டார்கள்?

பூவிழி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பிரஷர் கூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 22, புதன்

தீனாவின் படகு நேற்றுச் சாயங்காலமே கரை வந்திருக்க வேண்டும். வரவில்லை. தீனா, பூவிழியின் புருஷன்.

தெய்வமே.

ஜனவரி 23, வியாழன்

வந்துவிட்டார்கள். இன்ஜின் பழுதாகி மிதந்துகொண்டிருந்தார்களாம், இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. செய்தி கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஸ்டாஃப் நர்ஸ் பிரின்சி வெளியே நின்று, "அக்கா, தண்ணி வேஸ்ட்டாகுது" என்றாள். அப்புறம் அவளே உள்ளே வந்து முதுகைத் தடவினாள்.

ஜனவரி 25, சனி

கோட்டைக்குப்பம் போனேன். கதவு சாத்தியிருந்தது. வாசலில் பூவிழியின் மாமியார் செல்வம்மாள்.

"மருமவ தூங்குறா."

"ரெண்டு நிமிசம் அத்த. பிரஷர் மட்டும்."

"எம் புள்ள வூடு திரும்பக்கூடாதுன்னு சொன்ன வாயி. அந்த வாய எடுத்துக்கினு எங்க வாசப்படி ஏறாத."

தப்பு என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா நீதான் பதில் சொல்லணும், நான் மேல எழுதிடுவேன்" என்று மிரட்டினேன். "எழுது" என்றாள். வாசலில் நின்று இருவரும் கத்தினோம். தெருவே பார்த்தது. உள்ளே பூவிழி இருந்தாள், ஜன்னலில் நிழல் தெரிந்தது. ஏறுகிற பிரஷரை இன்னும் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன், வேறென்ன.

ஜனவரி 30, வியாழன்

சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. மனதுக்கு. மைண்ட்ஃபுல்னெஸ் என்று போர்டில் எழுதியிருந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் பெயர் சத்யா. மென்மையான குரல், சுருக்கமே விழாத காட்டன் புடவை. "இந்த நொடியில், இங்கே இருக்கப் பழகணும்" என்றார். இத்தனை வருஷமாக நான் எங்கே இருந்தேன்? பழவேற்காட்டில்தான் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் கேட்டும் கிடைக்கவில்லை.

கண்ணை மூடச் சொல்லி அலைச் சத்தம் போட்டார். எல்லாரும் தளர்ந்து உட்கார்ந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அலைச் சத்தம் கேட்டால் எங்களுக்கெல்லாம் ஓய்வா வரும்? ஆள் வந்தாச்சா என்றுதான் காது தேடும். எழுந்து வெளியே போய்விட்டேன். சத்யா பின்னாலேயே வந்தார். கோபிப்பார் என்று பார்த்தால், "தப்பு என்னோடதுங்க. எந்த ஊருக்கு வந்திருக்கேன்னு யோசிச்சிருக்கணும்" என்றார். அப்புறம் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

மத்தியானம் சொன்னது ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். ஒரு கதவைத் தட்டும் முன் நில்லுங்கள். பாதம் தரையில் இருக்கிறதா பாருங்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள், அதை விரட்ட வேண்டாம். அப்புறம் தட்டுங்கள்.

சரிதான். என் வேலையில் நிற்க எங்கே நேரம்?

பிப்ரவரி 1, சனி

இன்று பூவரசனுக்குப் பாடு இல்லை, ஏரியில் வலை கட்டும் முறை வேறு ஆளுக்கு. நண்டு ரசம் வைத்திருந்தார். மத்தியானம் முழுக்கத் தூங்கியிருக்கிறார், முகம் பளிச்சென்று இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல். "ஒனக்கென்னப்பா, ராசா" என்றேன்.

"பாடு இல்லாத நாள்ல ஏரியில வல கட்டுனா ஊரு கேக்கும், தண்டம் போடும். அதனால தூங்குறேன். ஒனக்கு எப்ப பாடு இல்ல, சொல்லு?"

"எனக்கு எல்லா நாளும் பாடுதான்."

"ஏம்மே, யாரு அப்படி ஒரு மொற வச்சது? எல்லா நாளும் ஒரே எடத்துல வல போட்டா ஏரியில கூட ஒண்ணும் மிஞ்சாது."

ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அவர் சொன்னது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது.

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் ஆர்த்தியிடம் போனேன். கோயம்புத்தூர்ப் பெண், இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நான் போனபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகியிருந்தார், முன்னால் பிஸ்கட் பாதி கடித்தபடி கிடந்தது.

பாடு என்றால் என்ன என்று சொன்னேன். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. முறை வந்தவர் இறங்குவார். வராதவர் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது, ஆசைப்பட்டாலும் கூடாது. "மேடம், நம்ம ஆஸ்பத்திரியில இறங்குற முறை மட்டும்தான் இருக்கு. இறங்காத முறைன்னு ஒண்ணு வேணும்."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, பயிற்சிக்குப் போயிட்டு வந்து எல்லாரும் மூச்சு விடுங்கன்னு என்கிட்ட சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இது பரவால்லைங்க" என்று சிரித்தார்.

முடிவானது இது. வெளிநோயாளிகள் கூட்டம் ஓய்ந்ததும், தினம் ஒருவருக்கு அரை மணி. போனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்டோர் ரூம் பக்கத்து அறையில் உட்கார வேண்டும். தூங்கலாம், சத்யா சொன்ன மாதிரி மூச்சைப் பார்க்கலாம், சுவரைப் பார்க்கலாம். வேலை மட்டும் செய்யக்கூடாது. உயிர் போகிற காரியம் என்றால்தான் கதவைத் தட்டலாம். முறையை மீறினால் தண்டம்: எல்லாருக்கும் பஜ்ஜி. டாக்டருக்கும் இதே சட்டம்.

பிப்ரவரி 5, புதன்

பாடு இல்லாத முதல் முறை எனக்குத்தான். உட்கார்ந்தேன். எதிரே அட்டைப் பெட்டிகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் எழுந்து அடுக்கினேன். பிரின்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா! தண்டம்!" என்று கூவினாள்.

பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்யா சொன்னபடி பாதத்தைப் பார்த்தேன். சுண்டு விரலை ஒட்டிச் செருப்பு அறுத்த இடம் வலித்தது. இன்றைக்கு வந்த புண் இல்லை, பழையது. இத்தனை நாளும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், எனக்குத்தான் சேதி வரவில்லை.

அப்படியே உடம்பில் மேலே ஏறிப் பார்த்தேன். வயிறு. அங்கே ஒரு இறுக்கம். அது கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். பூவிழி மேல் கோபம், செல்வம்மாள் மேல் கோபம். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தபோது தெரிந்தது, அது கோபமே இல்லை. பயம். அந்தப் பெண் செத்துப்போய்விடுவாளோ என்கிற பயம். ஆரம்பத்திலிருந்தே அதுதான். சனிக்கிழமை அவள் வராதபோதே பயந்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை அதைக் கத்தலாக அவள் மேல் கொட்டினேன்.

அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன். யாரும் கதவைத் தட்டவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூவிழி இன்றும் வரவில்லை. சாயங்காலம் கோட்டைக்குப்பம் போனேன். தெருமுனையிலேயே நின்றேன். பாதம் மணலில் இருந்தது. பயம் அதன் இடத்தில் இருந்தது. அதையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

செல்வம்மாள் வாசலில் காய்ந்த நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அத்த, நான் சொன்னது தப்பு. எந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லக்கூடாத பேச்சு. நானும் கடக்கரப் பொண்ணு, தெரிஞ்சும் சொன்னேன்" என்றேன்.

நெத்திலியைப் பொறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

வெகுநேரம் கழித்து, "இன்னா, சும்மா ஒக்காந்துக்கினு கீற? வேல வெட்டி இல்லியா?" என்றாள்.

"பழகிக்கிறேன் அத்த."

ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று மறுபடியும் போய் உட்கார்ந்தேன். செல்வம்மாள் தானாகவே பேசினாள்.

"படகு வராத அன்னிக்கி ஒன் பேரு சொல்லி மண்ண வாரித் தூத்துனேன். நீ நாசமாப் போவணும்னு."

"தூத்தாம இன்னா பண்ணுவ அத்த. எனக்கும் புள்ள இருந்தா நானும் அப்படித்தான்."

"எம் புள்ள வந்துட்டான். நான் வுட்ட சாபம் இன்னும் சுத்திக்கினு கீது. வவுத்துப்புள்ளக்காரி இருக்குற வூடு. எனக்குத் தூக்கம் வரல."

பாவம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தைத்தான் ஆளுக்கொரு வீட்டில் வைத்துக்கொண்டு முழித்திருந்தோம். இதைக் கத்திக் கத்திச் சொல்லியிருந்தால் இருவருக்குமே காதில் விழுந்திருக்காது.

அப்புறம் அவளே வழி சொன்னாள். "இன்ஜின் ரிப்பேர் முடிஞ்சுது, விடிஞ்சா தீனா மறுபடி கடலுக்குப் போறான். கரைக்கு வா. ஒன் வாயாலயே சொல்லி அனுப்பு. அவன் திரும்பி வந்தான்னா ஒன் பேச்சும் செத்துது, எம் பேச்சும் செத்துது. கதவத் தெறக்குறேன்."

பிப்ரவரி 15, சனி

விடியும் முன்பே போனேன். படகைத் தள்ளும்போது தீனாவுக்கு என்னைப் பார்க்க வெட்கம், எனக்கு அவனைப் பார்க்க வெட்கம். "போயிட்டு வா, தீனா" என்றேன். "சரிக்கா, வர்றேன்" என்றான். செல்வம்மாள் என் பக்கத்தில் நின்றாள், படகு முகத்துவாரம் தாண்டும்வரை மூச்சு விடவில்லை.

பகல் முழுக்க டியூட்டி. மூச்சைப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன். பயம் போனதா என்றால் போகவில்லை. சத்யாவிடம் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் பயத்தை வைத்துக்கொண்டே கட்டுப் போட முடிந்தது, ஒரு பாட்டிக்கு மாத்திரையை மூன்று தடவை விளக்க முடிந்தது. ஒருத்தரையும் திட்டவில்லை. பிரின்சி இரண்டு தடவை வந்து "உடம்பு சரியில்லியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் செல்வம்மாளே போன் செய்தாள். ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வந்துட்டான்."

பிரஷர் கருவி வைத்த கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவு திறந்திருந்தது. பூவிழி பாயில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, முகம் வீங்கி. கையில் பட்டையைச் சுற்றினேன். நான் பயந்ததற்கு மேலேயே இருந்தது, ஆனால் தலைவலியோ கண் மங்கலோ இல்லை. டாக்டரிடம் போனில் பேசி மாத்திரை மாற்றினோம். "இனிமே தினம் நான் வருவேன், நீ அலைய வேணாம்" என்றேன்.

"திட்ட மாட்டியே அக்கா?"

"திட்டுவேன். ஆனா வேற மாதிரி."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கே வைத்துக்கொள்வது.

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் நான் போனபோது பூவிழி சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவலி. "கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குதுக்கா." இது வலிப்புக்கு முந்தின அறிகுறி. ஒரு நொடி நின்றேன். நின்றதால்தான் அப்புறம் ஓட முடிந்தது. 108-ஐக் கூப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஆர்த்தி மக்னீசியம் ஊசி போட்டார், அதே வண்டியில் பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். நானும் ஏறினேன். செல்வம்மாளும் ஏறினாள். வழியெல்லாம் பூவிழி என் கையைப் பிடித்த பிடி, இன்னும் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் இருக்கிறது.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. அழுதது. பூவிழி கண் திறந்தாள். இருவரும் பிழைத்துவிட்டார்கள்.

செல்வம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். என் தோள் மரத்துப்போனது. அசையவில்லை.

மார்ச் 6, வியாழன்

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். டேப்லெட் அப்படியேதான் இருக்கிறது, நெட்டும் அப்படியேதான். நேற்று ஒருத்தியிடம் சுள்ளென்று விழுந்தேன். ஆனால் அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். முன்பு அது தெரிவதற்கே ஒரு வாரம் ஆகும்.

மார்ச் 19, புதன்

டாக்டர் முறையை மீறி மாட்டிக்கொண்டார். மிளகாய் பஜ்ஜி.

ஏப்ரல் 9, புதன்

தடுப்பூசி நாள், அதோடு இன்று என் முறை. கூட்டம் குறையவே இல்லை. "இன்னிக்கி வேணாம் பிரின்சி, ஜனங்க காத்துக்கினு கீறாங்க" என்றேன். அவள் என் போனைப் பிடுங்கிக்கொண்டு என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உட்கார்ந்தேன். மனம் வெளியேதான் இருந்தது. யாரோ ஒருத்தி, "எங்க அந்த நர்சம்மா? கொழந்தய வச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று கதவுப் பக்கம் வருவது கேட்டது. எழப்போனேன். அப்போது செல்வம்மாள் குரல்.

"இந்தா, எங்க போற? நர்சம்மாவுக்கு இப்போ பாடு இல்ல."

"ஆஸ்பத்திரியில இன்னா பாடு?"

"ஏரிக்கு ஒரு மொற, ஆஸ்பத்திரிக்கு ஒரு மொறயா? எம் பேத்திக்கே இன்னும் ஊசி போடல, நான் ஒக்காந்துக்கினு இல்ல? ஒக்காரு."

"நீதான அந்த நர்சம்மாவ வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்னு சண்ட போட்ட?"

"அது அப்போ" என்றாள் செல்வம்மாள். ஒரு குழந்தை முனகியது, அவள் தட்டிக் கொடுக்கிற சத்தம். அப்புறம் வேறு பேச்சு.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்ததும் பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். பெஞ்சு நிறையப் பெண்கள், மடி நிறையக் குழந்தைகள், ஒருத்தரும் சத்தம் போடவில்லை. வாசற்படியில் குறுக்கே செல்வம்மாள் உட்கார்ந்திருந்தாள், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்துவிட்டுப் பிரின்சி பக்கம் திரும்பி, "நேரம் ஆயிட்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் பிரின்சி.

செல்வம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் உள்ளே திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.